எதுவும் மாறாதென்றால் எதற்குப் போகணும்?

தோஷிகாசு கவாகுச்சியின் ‘பிஃபோர் தி காஃபி கெட்ஸ் கோல்ட்’ நாவலைப் படித்தவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி அழுது முடித்த கையோடு அடுத்த பாகத்தைத் தேடும். இன்னொரு கட்சி, “காலப்பயணம்னு சொல்லிட்டு ஒரு நாற்காலியில உட்காரவெச்சு காபி கொடுக்கிறாங்க, போயிட்டு வந்தாலும் எதுவும் மாறாதாம், அப்புறம் எதுக்குப் போகணும்?” என்று கடுப்பாகும். நான் மனநல ஆலோசகர். நெருங்கியவரைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்களோடு பேசுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அந்தக் கடுப்பான கேள்வி இருக்கிறதே, அதையேதான் வேறு வேறு வார்த்தைகளில் என் அறையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக (கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்): டோக்கியோவில் தரைக்குக் கீழே ஒரு சின்னக் காபிக் கடை. அங்கே ஒரு குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் நினைத்த காலத்துக்குப் போகலாம், ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அந்தக் கடைக்கு வந்துபோனவர்களை மட்டும்தான் பார்க்க முடியும், ஊற்றிய காபி ஆறுவதற்குள் குடித்து முடித்துத் திரும்பிவிட வேண்டும். என்ன செய்தாலும் நிகழ்காலம் மாறாது. அதிலும் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பேய் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறது, அது ஒரு நாளில் ஒரே ஒரு தடவை கழிப்பறைக்குப் போகும்போதுதான் இடம் கிடைக்கும்! விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், கதை ஒரே அறையை விட்டு வெளியே போவதே இல்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். முதலில் மேடை நாடகமாக எழுதப்பட்டு 2015இல் நாவலானது என்று தெரிந்தால் அந்தக் குறை பாதி அடங்கும்.

என்னிடம் பேசியவர்கள் அதிகம் சொன்னது ஹிராய், குமி என்ற அக்கா தங்கை கதையைத்தான். குடும்பத்தின் விடுதித் தொழில் வேண்டாம் என்று வீட்டை விட்டு வந்தவள் அக்கா. சுமை தங்கை தலையில் விழுகிறது. செண்டாயிலிருந்து டோக்கியோவுக்குத் தேடித்தேடி வரும் தங்கையை அக்கா தவிர்த்துக்கொண்டே இருக்கிறாள், கடைசித் தடவை அதே கடையில் ஒளிந்துகொள்கிறாள். ஊர் திரும்பும் வழியில் விபத்தில் தங்கை இறந்துபோகிறாள்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு இந்தக் கதை அப்படியே தைத்தது (விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வேலை நேரத்தில் அம்மா கூப்பிட்டிருக்கிறார். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எடுக்கவில்லை. அன்று மாலை அம்மா மாரடைப்பில் போய்விட்டார். “அந்த ஃபோனை மட்டும் எடுத்திருந்தா” என்ற வாக்கியத்தை ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் “உன் தப்பு இல்லம்மா” என்று சொல்லிப் பார்த்துவிட்டார்கள், அது ஒருநாளும் உள்ளே இறங்கவில்லை.

ஏன் இறங்குவதில்லை? டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1982இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஒருவர் வழக்கமாகப் போகும் பாதையை விட்டு வேறு பாதையில் வீட்டுக்குக் காரில் போகிறார், ஒரு லாரி மோதி இறக்கிறார், லாரியை ஓட்டியவன் போதையில் இருந்த பையன். இந்தக் கதையைக் கொடுத்து, ‘இது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்’ என்பதை முடிக்கச் சொன்னார்கள். அதிகம் பேர் அந்தப் பாதையைத்தான் மாற்றினார்கள். அதே கதையில் பாதையை வழக்கமானதாக வைத்து, அன்று மட்டும் சீக்கிரம் கிளம்பினார் என்று எழுதிக் கொடுத்தபோது, கிளம்பிய நேரத்தை மாற்றியவர்கள் கூடினார்கள். போதையில் லாரி ஓட்டிய பையனை மாற்றியவர்கள் இரண்டிலும் சிறுபான்மைதான்.

நம் மனம் அப்படித்தான் தேடுகிறது. உண்மையான காரணம் பெரிதாக, கைக்கு எட்டாததாக எதிரே நின்றாலும் அதை விட்டுவிட்டு, அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக நடந்த ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறது. மாரடைப்புக்கு அந்த ஃபோன் காரணமா என்று கேட்டால் அந்தப் பெண்ணே “இல்ல” என்பார். ஆனாலும் விடமாட்டார். என் அனுபவத்தில் பலருக்கு ‘என்னால் ஒன்றுமே செய்திருக்க முடியாது’ என்பதைத் தாங்குவதைவிட ‘நான்தான் தப்பு செய்தேன்’ என்பதைத் தாங்குவது எளிதாக இருக்கிறது.

அதனால்தான் மாறாது என்ற அந்த விதியை நான் பெரிதாக மதிக்கிறேன். ஹிராய் போய்விட்டு வந்தாலும் தங்கை இறந்தவள்தான். ஆனால் தங்கைக்குத் தன்மேல் வெறுப்பு என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு என்று தெரிந்துகொண்டு வருகிறாள். அக்காவும் தானும் சேர்ந்து விடுதியை நடத்த வேண்டும் என்பதுதான் தங்கையின் ஆசையாக இருந்திருக்கிறது.

இதே ஜப்பானில், இவாத்தே மாநிலத்து ஓட்சுச்சி ஊரில், இத்தாரு சசாகி என்பவர் இறந்துபோன தன் உறவினரோடு ‘பேச’ 2010இல் தோட்டத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு வைத்தார். எந்தக் கம்பியோடும் இணைக்காத தொலைபேசி. 2011 மார்ச்சில் சுனாமி வந்தபின் அதைத் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். எதிர்முனையில் யாரும் இல்லை என்று தெரிந்துதான் பேசினார்கள்.

ஆலோசனையிலும் காலி நாற்காலியை எதிரே போட்டுப் பேசவைக்கும் முறை உண்டு. அந்தப் பெண் நாற்காலியைப் பார்த்து மன்னிப்புக் கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் “எதுக்கும்மா கூப்ட்ட?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “மாவு தீர்ந்துபோச்சான்னு கேட்டிருக்கும். தினமும் அதுக்குத்தான் கூப்பிடும்” என்றார். தயவுசெய்து இதை வீட்டில் தனியாகச் செய்துபார்க்க வேண்டாம், கூட ஒரு பயிற்சி பெற்ற ஆள் இருக்க வேண்டிய வேலை இது.

புத்தகத்தில் எனக்கு இரண்டு மனக்குறை உண்டு. ஒன்று, எல்லாம் ஒரு கடைசிப் பேச்சில் இருக்கிறது என்ற எண்ணத்தை அது லேசாக ஊட்டிவிடுகிறது. இருபது முப்பது வருட உறவு ஒரு காபி நேரத்தில் எழுதப்படுவதில்லை. இன்னொன்று கெய் கதை. இதயம் பலவீனமான ஒரு பெண் உயிரைப் பணயம் வைத்துப் பிள்ளை பெற முடிவெடுக்கிறாள், வாசகர்கள் “தாய்மை!” என்று உருகுகிறார்கள். கதையாகச் சரி. நிஜத்தில் இதயக் கோளாறு உள்ள பெண் கருத்தரிப்பதற்கு முன்பே இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும், வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தாலும் தாய்மையில் ஒரு குறையும் இல்லை.

இதே புத்தகத்தில் வரும் மறதிநோய்க் கணவனின் கதையைப் படித்துவிட்டு, வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மா கோபத்தோடு சொன்னது: “தாங்க முடியலைன்னா என்னை விட்டுப் போயிடுன்னு அந்த ஆள் லெட்டராவது எழுதி வெச்சான். என்கிட்ட அப்படி யாரு சொன்னாங்க?” அவருக்கு உடனே தேவைப்பட்டது வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு, அதைத்தான் முதலில் ஏற்பாடு செய்தோம்.

யாராவது இறந்த முதல் சில வாரங்களில் இந்தப் புத்தகத்தை ஆறுதல் பரிசாகக் கொடுக்காதீர்கள், அப்போது சாப்பாடும் கூட உட்கார ஒரு ஆளும் போதும். துயரத்துக்குக் கெடு வைக்க முடியாது, ஆனால் பெரியவர்களுக்கு ஒரு வருடம் கடந்தும் ஏக்கம் தினமும் அதே வேகத்தில் அடித்து, வேலை, சாப்பாடு, தூக்கம் எதுவும் நிலைக்கு வராமல் இருந்தால் அதை நீடித்த துயரக் கோளாறு என்று 2022இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள், உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு ஆறு மாதத்திலேயே கவனிக்கச் சொல்கிறது. இதற்குச் சிகிச்சை இருக்கிறது. செத்துப்போய் அவரோடு சேர்ந்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மாதக்கணக்கு எதுவும் பார்க்க வேண்டாம், அன்றைக்கே சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.