உறுத்துற மனசும் உறுத்தாத பிடிவாதமும்

ஒருத்தர் பிரார்த்தனை பண்ணிட்டு இருக்கார். நடுவுல ஒரு வார்த்தை தடுமாறிடுச்சு, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கிறார், இந்த தடவை வார்த்தை எல்லாம் சரி ஆனா மனசு ஒரு செகண்ட் வேற எங்கயோ போயிட்டு வந்துடுச்சு, அதனால மறுபடியும் முதல்ல இருந்து. பத்து நிமிஷத்துல முடிய வேண்டியது ரெண்டு மணி நேரம் ஆகுது, முடிக்கும்போது நிம்மதி வரல, அழுகைதான் வருது. பக்கத்து ரூம்ல இன்னொருத்தர் அதே பிரார்த்தனைய ஒரே தடவைல கச்சிதமா முடிச்சுட்டு வெளிய வந்து, வீட்டுல மத்தவங்க அஞ்சு நிமிஷம் லேட்டா உட்கார்ந்ததுக்காக கத்த ஆரம்பிக்கிறார், அவருக்கு அழுகை எதுவும் இல்ல, தான் சொல்றது நூத்துக்கு நூறு சரிங்கிறதுல அவருக்கு துளி சந்தேகமும் கிடையாது.

வெளிய இருந்து பாக்குறவங்க ரெண்டு பேரையும் "அவங்க ரொம்ப பக்திங்க" ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க. ஆனா உள்ள ஓடுறது ரெண்டும் வேற வேற மெஷின். முதல் ஆளுக்கு இருக்கிறது ஓசிடி-யோட ஒரு வகை, அதாவது வேண்டாத எண்ணம் விடாம வந்து, அதை அடக்க ஒரே செயலை திரும்பத் திரும்ப செய்ய வைக்கிற மனநோய். ரெண்டாவது ஆள்கிட்ட தெரியிற குணம், அது வாழ்க்கை முழுக்க எல்லா விஷயத்துலயும் பரவி இருந்தா, ஓசிபிடி ன்னு சொல்ற பர்சனாலிட்டி பிரச்சனை. பேர்ல ஒரே ஒரு எழுத்துதான் கூட இருக்கு, அதனாலயே எல்லாரும் ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறாங்க, ஆனா வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஓசிடி-ல வர்ற எண்ணம் அந்த ஆளுக்கே பிடிக்காத எண்ணம், வேணாம் வேணாம்னு தள்ளத் தள்ள வந்து நிக்கும். ஓசிபிடி-ல அப்படி சண்டையே கிடையாது, "இது நோய் இல்ல, இதுதான் நான், இப்படித்தான் எல்லாரும் இருக்கணும்" ங்கிற நினைப்பு.

மதத்தையும் இந்த மாதிரி மனநிலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தது புதுசு இல்ல. 1907-லயே உளப்பகுப்பாய்வை ஆரம்பிச்ச சிக்மண்ட் ஃப்ராய்ட், மதச் சடங்கும் ஓசிடி மாதிரி நோய் இருக்கிறவங்க செய்ற திரும்பத் திரும்ப சடங்கும் ஒரே அச்சுன்னு எழுதினார், ஒரு படி மேல போய் மதமே மனுஷ குலம் மொத்தத்துக்கும் வந்த இந்த நோய்தான்ங்கிற அளவுக்கு சொன்னார். எனக்கு இதுல உடன்பாடு இல்ல. வெளித்தோற்றம் ஒண்ணா இருக்குங்கிறதுக்காக உள்ள நடக்குறதும் ஒண்ணுதான்னு முடிவு கட்டிட்டா, மேல சொன்ன அந்த ரெண்டு பேரையே பிரிக்க முடியாம போயிடும்.

உண்மையில இந்த வித்தியாசத்தை ஃப்ராய்டுக்கு ரொம்ப முன்னாடியே கவனிச்சவங்க மதத்துக்குள்ள இருந்தவங்கதான். 1522-ல இக்னேஷியஸ் லொயோலா, பின்னாடி இயேசு சபைங்கிற கத்தோலிக்க துறவற சபையை ஆரம்பிச்சவர், ஸ்பெயின்ல மன்ரேசாங்கிற ஊர்ல இருந்தப்போ பாவமன்னிப்பு கேட்டு முடிச்ச பாவங்களே திரும்பத் திரும்ப வந்து அரிச்சு எடுத்திருக்கு, சரியா சொன்னோமா, எதையாவது விட்டுட்டோமா ன்னு. தற்கொலை எண்ணம் வர்ற அளவுக்குப் போயிருக்கார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு ஒரு வழி சொன்னார், இனிமே ரொம்பத் தெளிவா தெரியிற பழைய பாவத்தை மட்டும் சொல்லு போதும்னு. ஆனா இக்னேஷியஸுக்கு எல்லாமே ரொம்பத் தெளிவாத்தான் தெரிஞ்சுது! இந்த ஒரு விஷயத்துலயே ஓசிடி எப்படி வேலை செய்யுதுன்னு முழுசா இருக்கு, விலக்கு குடுத்தா அந்த விலக்கையும் சந்தேகம் முழுங்கிடும். இந்த ஓயாத உறுத்தலுக்கு கிறிஸ்தவ மரபுல வச்ச பேரு லத்தீன்ல 'ஸ்க்ரூபுலுஸ்', சின்ன கூர்மையான கல்லுன்னு அர்த்தம், செருப்புக்குள்ள மாட்டிக்கிட்ட கல்லு மாதிரி நடக்க நடக்க குத்தும். நம்ம பாஷையிலயும் மனசாட்சிக்கும் கண்ணுல விழுந்த தூசிக்கும் ஒரே வார்த்தைதான், உறுத்தல். இஸ்லாத்துல இதையே வஸ்வாஸ் ன்னு சொல்லுவாங்க, தொழுகைக்கு முன்னாடி கழுவினது சரியா போச்சா இல்லையான்னு விடாம அரிக்கிற சந்தேகம். அதை பக்தின்னு யாரும் பாராட்டல, கண்டுக்காம விட்டுத் தள்ளுன்னுதான் அங்கயும் அறிவுரை.

இப்போ மூளைக்கு வருவோம், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இது. நாம ஏதாவது தப்பு பண்ணினா, அதாவது தப்பான பட்டனை அமுக்கின மாதிரி சின்ன தப்பு, 50-ல இருந்து 100 மில்லி செகண்டுக்குள்ள மூளையோட முன்பக்க நடுவுல ஒரு மின் அலை எழும்பும், "தப்பாயிடுச்சு" ன்னு உடம்புக்குள்ளயே அடிக்கிற அலாரம் மாதிரி. 2000-ல வந்த ஒரு ஆய்வுல ஓசிடி இருக்கிறவங்களுக்கு இந்த அலை மத்தவங்களை விட பெருசா இருந்தது. அதாவது அலாரம் ரொம்ப சத்தமா அடிக்குது, தப்பு நடக்காதப்போ கூட ஏதோ தப்பு நடந்த மாதிரியே ஒரு உணர்வு ஏன் விடாம இருக்குங்கிறதுக்கு இதுல ஒரு துப்பு கிடைக்குது. அப்புறம் 2009-ல டொரொண்டோ பல்கலைக்கழகத்துல மைக்கேல் இன்ஸ்லிக்ட் குழு மத நம்பிக்கை உள்ளவங்களை வச்சு இதே அலையை அளந்தாங்க. 'சிவப்பு' ங்கிற வார்த்தையை பச்சை மைல எழுதிக் காட்டி, மையோட நிறத்தை சொல்லச் சொல்ற சோதனை, எல்லாருமே தடுமாறுவாங்க. நம்பிக்கை உறுதியா இருந்தவங்களுக்கு தப்பு பண்ணும்போது எழும்பின அலை சின்னதா இருந்தது. எதிர்ப்பக்கம்! நம்பிக்கை அலாரத்தை அமைதிப்படுத்துதா, இல்ல அலாரம் ஏற்கனவே மெதுவா அடிக்கிறவங்க நம்பிக்கையில நிலைக்கிறாங்களாங்கிறதை இப்படி ஒரு அளவீட்டை வச்சு மட்டும் பிரிக்க முடியாது, ஆனா பக்தியும் ஓசிடி-யும் ஒரே சரக்குன்னு சொல்றவங்களுக்கு இது நல்ல பதில்.

அப்போ ரெண்டாவது ஆளு, கத்தினவர்? அங்க பிரச்சனை அலாரத்துல இல்ல, விதி மாறும்போது கூடவே மாற முடியாததுல. இதை கண்ணால பாக்க ஒரு பழைய சோதனை இருக்கு, 1948-ல வந்த விஸ்கான்சின் சீட்டு சோதனை. கையில சீட்டுக் கட்டு, ஒவ்வொண்ணுலயும் நிறம் உண்டு, வடிவம் உண்டு, எண்ணிக்கை உண்டு. எதை வச்சு பிரிக்கணும்னு சொல்ல மாட்டாங்க, சரி-தப்புன்னு மட்டும் சொல்லுவாங்க. நிறத்தை வச்சு பிரிக்கிறீங்க, சரி, சரி, சரி, வரிசையா பத்து சரி, திடீர்னு அதே மாதிரி வச்சா தப்பு. சொல்லாம கொள்ளாம விதியை மாத்திட்டாங்க. பெரும்பாலானவங்க ரெண்டு மூணு தடவைல வடிவத்துக்கோ எண்ணிக்கைக்கோ தாவிடுவாங்க. சிலர் "தப்பு" ன்னு கேட்டுக்கிட்டே நிறத்தையே பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. பழைய விதியை விட முடியல, அவ்வளவுதான். கொள்கைல, சித்தாந்தத்துல விறைப்பா இருக்கிறவங்களுக்கும் இந்த சீட்டுல மாறத் திணறுறதுக்கும் தொடர்பு இருக்குன்னு லியோர் ஸ்மிக்ராட் ங்கிற ஆய்வாளர் காட்டியிருக்காங்க.

இங்கதான் முக்கியமான விஷயம், மூடின மனசுக்கு எந்த நம்பிக்கை உள்ள இருக்குங்கிறது ரெண்டாம்பட்சம். மில்டன் ரோகீச் ங்கிற உளவியலாளர் 1960-லயே இதை பிரிச்சு சொன்னார், என்ன நம்புறோம்ங்கிறது ஒண்ணு, எப்படி நம்புறோம்ங்கிறது வேற ஒண்ணு. மதத்தை விட்டு வெளிய வந்தவரும் புதுக் கொள்கைய அதே இரும்புப் பிடியில பிடிக்கலாம், ஆழமான பக்தி உள்ளவர் ரொம்ப நெகிழ்வாவும் இருக்கலாம்.

மனநல டாக்டர்கள் வச்சிருக்கிற டிஎஸ்எம் கையேட்டுல ஓசிபிடி-க்கு எட்டு அடையாளம் இருக்கு, அதுல குறைஞ்சது நாலு இருந்தாத்தான் அந்தப் பேரே வைப்பாங்க. பட்டியல்-விதி-ஒழுங்குல மூழ்கி வேலையோட நோக்கமே தொலைஞ்சு போறது, வேலைய மத்தவங்களை நம்பி குடுக்க முடியாதது, காசை இறுக்கிப் பிடிக்கிறது, பிடிவாதம், இப்படிப் போகுது. ஒழுக்கம், தர்மம் விஷயத்துல வளைஞ்சு குடுக்காததும் அதுல ஒண்ணு, ஆனா அந்த இடத்துலயே ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க, அந்த ஆளோட மதமோ கலாச்சாரமோ அதுக்குக் காரணமா இருந்தா கணக்குல எடுக்கக் கூடாதுன்னு. இந்த ஒரு வரி எவ்வளவோ பேரை தப்பான முத்திரையில இருந்து காப்பாத்துது, எனக்கு அதுல பெரிய மரியாதை உண்டு.

மதம் எங்க முடியுது ஆளோட விறைப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்க விலக்குகளைப் பாருங்க. உடம்பு சரியில்லாதவங்களும் பயணத்துல இருக்கிறவங்களும் ரமலான் நோன்பை வேற நாள்ல வச்சுக்கலாம்னு குர்ஆனே சொல்லுது. யூத மதத்துல உயிர் ஆபத்துன்னு வந்தா சப்பாத்ங்கிற வாராந்திர ஓய்வு நாள் கட்டுப்பாட்டை மீறலாம், மீறித்தான் ஆகணும். அந்த நெகிழ்வு மதத்துக்குள்ளயே இருக்கு, அதை எடுத்துக்க முடியாம நிக்கும்போது, மத்தவங்களையும் எடுக்க விடாம தடுக்கும்போதுதான் நான் கவனிக்க ஆரம்பிப்பேன்.

சிகிச்சைக்கு ஓசிபிடி இருக்கிறவர் தானா வர்றது கம்மி, கூட இருக்கிறவங்க தாங்க முடியாம இழுத்துட்டு வருவாங்க. ஓசிடி இருக்கிறவர் தவிப்போட வருவார், அவருக்கு வழியும் நல்லா இருக்கு. மருந்து ஒரு பக்கம், இன்னொரு பக்கம் பயந்ததை செஞ்சுட்டு, பதிலுக்கு செய்ற சடங்கை செய்யாம இருக்கப் பழகுறது. நல்ல தெரப்பிஸ்ட் பிரார்த்தனைய நிறுத்தச் சொல்ல மாட்டார், சில சமயம் அந்த மதத்தோட குருவையே கூட வச்சுக்கிட்டு எது போதும்னு கேட்டுப்பார். அப்புறம் வேலை இதுதான்: ஒரே ஒரு தடவை சொல்லணும், வார்த்தை தடுமாறினாலும் எழுந்து போயிடணும். முதல் நாள் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், திரும்பப் போய் உட்காரணும்னு கை காலெல்லாம் துடிக்கும். போகாம இருந்தா கொஞ்ச கொஞ்சமா அந்தத் துடிப்பு தானா இறங்கும், மறுநாள் இன்னும் கொஞ்சம் சீக்கிரமா இறங்கும்.