கொசுவிடம் இல்லாத பூட்டு

கும்பகோணம் பக்கத்திலிருந்து என்னிடம் ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வாங்க வரும் ஒரு பெண், இந்த முறை மாமியாரையும் அழைத்து வந்திருந்தார். மாமியாருக்கு இரண்டு கேள்விகள். மருமகளைக் கடித்த கொசு பேரனைக் கடித்தால் அவனுக்கும் ஹெச்.ஐ.வி. வந்துவிடுமா? அவள் பசு கறக்கலாமா? வாய்க்கால் கரையில் குடியிருப்பவர்களுக்கு ஐப்பசி மாதத்துக் கொசு சின்ன விஷயமல்ல.

"வராது" என்று ஒரே சொல்லில் அனுப்பியிருக்கலாம். காரணம் தெரியாத "வராது", வீடு போய்ச் சேர்வதற்குள் சந்தேகமாகிவிடுகிறது. இத்தனை ஆண்டுகளாகச் சுவர்களில் "தொட்டால் பரவாது" என்று எழுதினோம். ஏன் என்று சொல்லத் தவறிவிட்டோம்.

ஹெச்.ஐ.வி. தானாகப் பெருக முடியாது. ஓர் உயிரணுவுக்குள் புகுந்தாக வேண்டும். கண்ட அணுவிலும் புகவும் முடியாது. அதன் உறையில் துருத்தி நிற்கும் ஜிபி120 என்ற புரதத்துக்குச் சிடி4 என்ற ஏற்பி வேண்டும்; ஏற்பி என்பது அணுவின் மேல் பூட்டுபோல இருக்கும் ஒரு புரதம். நம் எதிர்ப்புப் படையை ஏவுகிற உதவி டி அணுக்களின் மேல் அது நிறைய இருக்கிறது. அந்தப் பூட்டு திறந்தாலும் போதாது. சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இரண்டாம் ஏற்பியையும் பற்றினால்தான் வைரஸின் உறை அணுச் சவ்வோடு கலக்கும். இந்த இரண்டாம் பூட்டுகள் தெரியவந்ததே 1996-இல்தான்.

உள்ளே போனபின் அது செய்வது என்னை இன்றும் திகைக்க வைக்கிறது. வந்த வாசலையே பெயர்த்துவிடுகிறது! நெஃப், விபியு என்ற அதன் புரதங்கள் சிடி4 ஏற்பியை அகற்றிச் சிதைக்கின்றன. அது அங்கேயே இருந்தால், புதிதாகப் பிறக்கும் வைரஸ்கள் வெளியேறும்போது அதிலேயே ஒட்டிக்கொள்ளும். "நான் கெட்டுவிட்டேன்" என்று கொல்லும் அணுக்களுக்குக் காட்டும் எம்ஹெச்சி மூலக்கூறுகளையும் நெஃப் மறைக்கிறது. திருடன் உள்ளே இருக்க, வீட்டுக்காரரின் வாயைக் கட்டியதுபோல. மருந்தில்லாமல் விட்டால் சிடி4 தாங்கிய அந்த உதவி டி அணுக்கள் ஆண்டுக்கணக்கில் குறைகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்துக்கு 200-க்குக் கீழே போனால் மூளைக்காய்ச்சல் போன்ற கடும் தொற்றுகள் சுலபமாகத் தாக்கும்.

கொசுவிடம் சிடி4 இல்லை. டெங்கு வைரஸ் கொசுவுக்குள் பெருகி அதன் உமிழ்நீருக்கு வருகிறது; ஹெச்.ஐ.வி. குடித்த ரத்தத்தோடு செரித்துப்போகிறது. கடிக்கும்போது கொசு நமக்குள் செலுத்துவதும் உமிழ்நீரைத்தான், முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. பசுவின் அணுக்களும் இந்த வைரஸுக்குத் திறக்காது. கறக்கும் கையின் தோல் வழியே அது வெளியே வருவதும் இல்லை.

மருமகள் சாப்பிடும் மாத்திரைகள் பூட்டைத் தொடுவதில்லை. புகுந்த வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன. 2004 முதல் அரசு இவற்றை இலவசமாகத் தருகிறது. அவருடைய ரத்தத்தில் வைரஸ் இப்போது பரிசோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. மருந்தை விடாமல் அந்த நிலை நீடித்தால் உடலுறவின் வழியாகக்கூடப் பரவாது.

மாமியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் டாக்டரம்மா, இவளை இத்தனை நாள் திண்ணையில் படுக்க வைத்தது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மருமகள் தலை நிமிராமல் மாத்திரை டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.