சைட்டாலஜி: சொல்லும் அதற்கேற்ற தமிழும்

மருத்துவமனை அறிக்கையின் தலைப்பில் 'சைட்டாலஜி' என்று இருந்தால், உடலிலிருந்து தானாக உதிர்ந்த, சுரண்டி எடுத்த அல்லது ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயை அறியும் ஆய்வு அது. திசுவையே துண்டாக எடுத்துப் பார்ப்பது பயாப்சி. செல்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, எல்லை தாண்டி ஊடுருவியுள்ளனவா என்பது அதில் தெரியும். சைட்டாலஜியில் அந்த அடுக்கமைப்பு பெரும்பாலும் கிடைக்காது. உட்கருவின் அளவு, விளிம்பு, நிறத்தின் அடர்த்தி, செல்லில் அது அடைத்துக்கொண்டிருக்கும் இடம் ஆகியவற்றைக் கொண்டே முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்லின் வேர் கிரேக்கம். 'கைட்டோஸ்' என்றால் உட்குழிந்த கலன். 'லோகியா' என்றால் இயல். 'செல்' என்பதோ இலத்தீனில் சிற்றறையைக் குறிக்கும் 'செல்லா'விலிருந்து வந்தது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்ட வெற்றறைகளுக்கு அப்பெயரை இட்டார். அவர் கண்டவை இறந்த செல்களின் சுவர்கள் மட்டுமே. ஆக, உயிர்ப்பொருள் நிறைந்த ஒன்றுக்கு வாய்த்த இரு பெயர்களும் வெறுமையைச் சுட்டுகின்றன.

தமிழில் இதற்குச் செல்லியல், உயிரணுவியல், கலவியல், குழியவியல் எனப் பல பெயர்கள் உண்டு. 'செல்' பழந்தமிழில் கறையானைக் குறிக்கும் சொல் (செல்லரித்த ஏடு என்கிறோமே, அதுதான்). இன்று கைப்பேசிக்கும் அதுவே பெயர். 'உயிரணு' நல்ல ஆக்கம். ஆனால் பொதுவழக்கில் அது விந்தணுவையே நினைவூட்டுகிறது, சளியைச் சோதிக்கக் கொடுத்தவர் 'உயிரணுப் பரிசோதனை' என்ற தலைப்பைக் கண்டு திகைக்கக் கூடும். 'கலவியல்' இதைவிடச் சங்கடமானது. காதுக்கு அது 'கலவி'யோடு ஒட்டிக்கொள்கிறது. இலங்கைப் பாடநூல்கள் செல்லைக் 'கலம்' என்றும், சிவப்பணுவைச் 'செங்குழியம்', வெள்ளையணுவை 'வெண்குழியம்' என்றும் வழங்குகின்றன. அதாவது 'செல்' என்பதற்கு ஒரு சொல், 'கைட்டோஸ்' வழிவந்த ஆங்கில ஈறான 'சைட்' என்பதற்கு வேறொரு சொல் என மூலத்தின் வேறுபாட்டையும் காப்பாற்றியிருக்கிறார்கள். குழியிலிருந்து பிறந்த 'குழியம்', கிரேக்க வேரின் பொருளையும் ஏறக்குறைய அப்படியே தருகிறது. ஆகவே ஆய்வகத் துறைக்குக் 'குழியவியல்' என்பதே பொருத்தம் என்பது என் முடிவு. செல்லைச் செல் என்றே சொல்வதில் தடையில்லை.

இத்துறையில் பெரும்பெயர் பெற்ற ஜார்ஜ் பாப்பனிகொலாவும் கிரேக்க நாட்டில் பிறந்தவர். கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் 'பாப்' சோதனையில் ஒலிப்பது அவர் பெயரின் முதலசை. அங்கே சுரண்டி எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் மெலிதாகப் பரப்புவதை 'ஸ்மியர்' என்பார்கள். 'பூச்சு' அதற்குப் போதும். பூசிய தகட்டை உலரவிடாமல் உடனே 95 விழுக்காடு எத்தனாலில் குறைந்தது 15 நிமிடம் மூழ்க வைக்கிறார்கள். இச்செயலே 'ஃபிக்சேஷன்', தமிழில் நிலைப்படுத்தல். தாமதித்தால் உட்கரு உப்பி, அதன் நுண்விவரம் மங்கிவிடும். செல்கள் தெளிவாகத் தெரியப் பூச்சுக்குச் சாயமேற்றுவது வழக்கம்; அவற்றில் ரொமனோவ்ஸ்கி வகைச் சாயங்களுக்கு மட்டும் பூச்சை வேண்டுமென்றே காற்றில் உலர்த்துவார்கள். பாப்பனிகொலாவ் சாயமுறையில் ஹிமடாக்சிலின் உட்கருவுக்கு நீலம் ஏற்றுகிறது; ஆரஞ்சு ஜி என்னும் சாயமும் ஈஏ என்னும் சாயக் கலவையும் உட்கருவைச் சூழ்ந்த பகுதிக்கு நிறம் தருகின்றன.

மாதிரி வந்ததும் முதலில் பார்ப்பது பெயரும் அடையாள எண்ணும் கோரிக்கைப் படிவத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான். நெஞ்சறை நீர், வயிற்று நீர் போன்றவற்றை மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரை வடித்து, அடியில் தங்கிய படிவிலிருந்து பூச்சுத் தயாரிக்கிறார்கள். தண்டுவட நீரில் செல்கள் விரைவில் சிதைவதால் அதைக் காக்க வைக்கக் கூடாது. சளிக்கு அதிகாலை மாதிரி சிறந்தது; சிறுநீருக்கோ அதுவே ஆகாது, இரவெல்லாம் சிறுநீர்ப்பையில் ஊறிய செல்கள் உருக்குலைந்திருக்கும். இவ்வாறு உதிர்ந்தவற்றை ஆராய்வதை 'உதிர்குழியவியல்' என்றும், கட்டியில் மெல்லிய ஊசி செலுத்தி உறிஞ்சியதை ஆராயும் எஃப்.என்.ஏ.சி. முறையை 'நுண்ணூசிக் குழியவியல்' என்றும் வழங்கலாம்.

அறிக்கையில் வரும் இரண்டு தொடர்களைத் தமிழாக்கும்போது தனிக் கவனம் தேவை. 'நெகட்டிவ்' என்றால், பார்த்த செல்களில் புற்றுநோய்க்கான மாற்றம் காணப்படவில்லை என்று பொருள். நோயே இல்லை என்று அதை விரித்து எழுதக் கூடாது. 'அன்சாட்டிஸ்ஃபாக்டரி' என்பது, செல்கள் போதாமலோ இரத்தம் மறைத்தோ முடிவு சொல்ல இயலாத நிலை. அதைத் 'திருப்தியற்றது' என்று எழுதினால் முடிவு மோசமாக வந்துவிட்டதென நோயாளி அஞ்சுவார். 'மாதிரி ஆய்வுக்குப் போதவில்லை' என்று எழுதினால், தேவையானால் மீண்டும் மாதிரி கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கும்.