அட்வான்ஸ் ஏற்றினால் பவர் ஏறும் என்று யார் சொன்னது?

போன மாதம் மட்டும் மூன்று என்ஜின். மூன்றுமே சின்ன டர்போ பெட்ரோல் கார்கள். மூன்றிலுமே எங்கிருந்தோ வாங்கி ஏற்றிய, என்ஜின் கம்ப்யூட்டரின் (ஈசியூ) செட்டிங்கை மாற்றும் ரீமேப் ஃபைல். மூன்றிலுமே பிஸ்டன் ஒரே இடத்தில் உடைந்திருந்தது. மூன்றாவது கார் வந்த அன்று ராத்திரி, பட்டறையைப் பூட்டிய பிறகும் மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கார் கோவையிலிருந்து பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தது. மே மாத மதியம், தொப்பூர் ஏற்றம், உள்ளே நாலு பேர். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து இரண்டு லாரிகளைத் தாண்டும்போது லேசாக ஒரு உதறல். அப்புறம் ஐடிலில் ஆட்டம், சைலன்ஸரில் நீலப்புகை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமான பையன்; காருக்கு இன்னும் நாலு வருஷத் தவணை பாக்கி.

கம்ப்ரஷன் பார்த்தேன். முதல் இரண்டு சிலிண்டரிலும் 170 பிஎஸ்ஐ, மூன்றாவதில் 60. அதன் பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால், வெள்ளைப் போர்சலின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே ஊசிமுனை அளவில் வெள்ளி மணிகள் மின்னின. அது பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைக் கழற்றும் முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. கழற்றியதும், முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் பிஸ்டன் சுவர் விரல்நகம் அளவுக்குப் பெயர்ந்து, சிலிண்டரை நெடுக்கக் கீறியிருந்தது.

“நாக்கிங் சத்தமே வரலீங்களேண்ணா. மீட்டர்லகூட ஏஎஃப்ஆர் 12தான் காட்டுச்சு” என்றார் அந்தத் தம்பி. (நாக்கிங் என்பது தீ பரவி வரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிப்பது; ஏஎஃப்ஆர் என்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்.) ஃபைல் கொடுத்தவர் அவரிடம் சொன்னது ஒரே வரி: “டைமிங்க நல்லா அட்வான்ஸ் பண்ணியிருக்கேன், பவர் பிச்சுக்கும்.”

இந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை. டைமிங் என்பது பிளக்கில் ஸ்பார்க் விழும் நேரம்; அதை இன்னும் முன்னால் தள்ளுவதுதான் அட்வான்ஸ்.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர் காலத்து கார்களில் கம்ப்ரஷன் குறைவு. மட்டமான பெட்ரோலுக்கும் தாங்கவேண்டும் என்று கம்பெனியே டைமிங்கைப் பின்னால் வைத்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பினால் பிக்கப் கூடும். அது உண்மை. அங்கே இடம் இருந்தது, அதனால் கிடைத்தது. இன்றைய டர்போ என்ஜினில் அந்த இடத்தைக் கம்பெனிக்காரன் ஏற்கெனவே விளிம்புவரை பயன்படுத்திவிட்டான்.

ஸ்பார்க் விழுந்த உடனே கலவை முழுவதும் எரிந்துவிடாது. தீ பிளக்கிலிருந்து பரவ ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் ஆகும். 6000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லிசெகண்டுக்குள் கிராங்க் 36 டிகிரி சுற்றிவிடும். அதனால்தான் பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே ஸ்பார்க்கைக் கொடுக்கிறோம். நோக்கம் ஒன்றுதான்: பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கி, ஏறக்குறைய 15 டிகிரியில் இருக்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கவேண்டும். அதற்கு எத்தனை டிகிரி தேவையோ அத்தனைதான் அட்வான்ஸ்.

ஊஞ்சல் ஆட்டிவிட்டிருப்பீர்கள் இல்லையா? அது நம் பக்கம் வந்து, நின்று, திரும்பும்போது தள்ளினால் ஒரு விரல் போதும். நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் ஊஞ்சல் நிற்கும், நம் மணிக்கட்டுதான் வலிக்கும். தேவைக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு டிகிரியும் மேலே ஏறி வரும் பிஸ்டனின் தலையில் அடிக்கும் அடி. அதில் பவர் கூடாது, குறையும். டர்போ என்ஜினிலோ அந்த அளவை எட்டும் முன்பே நாக்கிங் வந்து நிற்கும். டர்போ இல்லாத என்ஜின் உயர் ஆர்பிஎம்மில் 30 டிகிரி தாங்கலாம். அதே ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றழுத்தம்) ஏறிய என்ஜின் பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே திணறும். இரண்டையும் ஒரே கணக்கில் பேசாதீர்கள், தயவுசெய்து.

டைனோவில் (காரை நின்ற இடத்தில் ஓட்டி பவரை அளக்கும் கருவி) என் வழக்கம் இது: ஒரு டிகிரி ஏற்றி டார்க் (என்ஜினின் இழுவிசை) சொல்லும்படி கூடவில்லை என்றால், அந்த டிகிரியைத் திரும்ப எடுத்துவிடுவேன். அதற்கு மேல் இன்னும் ஒன்றரை டிகிரி கழித்துவிட்டுத்தான் காரைக் கொடுப்பேன். டைனோவில் பெரிய ஃபேன் ஓடுகிறது, தொப்பூரில் ஓடாது.

சத்தம் வரவில்லையே என்ற கேள்விக்கு வருகிறேன். நாக்கிங் என்பது சிலிண்டர் சுவர்களுக்கு இடையே ஏழெட்டு கிலோஹெர்ட்ஸில் அதிரும் அதிர்வு. கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் ஓடினால் அது எப்படிக் கேட்கும்? அதற்காகத்தான் பிளாக்கில் நாக் சென்சார் இருக்கிறது. அது கேட்டதும் ஈசியூ டைமிங்கைக் குறைக்கும். இந்தக் காரின் ஃபைலைத் திறந்து பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. டைமிங் குறைந்து பவர் விழாமல் இருக்க, நாக் சென்சாரின் உணர்வையே மட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். காவலுக்கு நின்றவனின் காதை அடைத்துவிட்டு வீட்டைத் திறந்து போட்டதற்குச் சமம்.

ஏஎஃப்ஆர் மீட்டர் 12 காட்டியது பொய்யில்லை. கலவை சரியாக இருந்தாலும் டைமிங் கொல்லும். அந்த மீட்டருக்கு நாக்கிங் தெரியாது. இன்னொன்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோலுக்கு முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால் இதற்கு 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் சுமார் 9 சதவீதம் கூடுதலாகப் போகவேண்டும். சாதாரணமாக ஓட்டும்போது ஈசியூ அதைச் சமாளித்துவிடும். முழு பூஸ்டில், உயர் ஆர்பிஎம்மில், இன்ஜெக்டரும் பம்ப்பும் ஏற்கெனவே எல்லையில் இருந்தால் கலவை லீன் ஆகும் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாது), பிஸ்டன் உருகும். மீட்டர் உள்ளே அளப்பது லாம்ப்டாவை, அதாவது முழுமையாக எரியத் தேவையான காற்றைப்போல் எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்பதை; அதைப் பழைய பெட்ரோல் கணக்கில் பெருக்கி 12 என்று காட்டுகிறது. அதனால் பேசுவதை லாம்ப்டாவிலேயே பேசுங்கள். முழு பூஸ்டில் நான் வைப்பது 0.80லிருந்து 0.85க்குள்.

அப்படியென்றால் இன்னும் ரிச்சாக (பெட்ரோலைக் கூட்டி) வைத்தால் பாதுகாப்பு என்று கறுப்புப் புகை கக்கவிடுவதும் தப்பு. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலை பெட்ரோல் கழுவிவிடும், மிச்சம் ஆயில் பேனில் இறங்கும். காலை எடுத்ததும் சைலன்ஸரில் பட்டாசு வெடிப்பதும் பவர் இல்லை; அது புகையைச் சுத்தம் செய்யும் உங்கள் கேடலிடிக் கன்வெர்ட்டர் வெந்துபோகும் சத்தம்.

ஐரோப்பாவில் 98 ஆக்டேனுக்கு எழுதிய ஃபைலை இங்கே அப்படியே ஏற்றாதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் காலி ரோட்டில் போட்ட டியூன் மதியம் 38 டிகிரி வெயிலில் அதே டியூன் இல்லை. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்றின் சூட்டுக்கு ஏற்ப டைமிங் இறங்குகிறதா என்று கேளுங்கள். லாக் (கார் ஓடும்போது பதிவான அளவுகள்) காட்டாத டியூனரிடம் காரைக் கொடுக்காதீர்கள். மூன்றாவது கியரில் 2000லிருந்து 6000 வரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்கியது, லாம்ப்டா எவ்வளவு, காற்றின் சூடு எவ்வளவு. இந்த மூன்றும் இல்லாத லாக் லாக்கே இல்லை. நாக் சென்சாரைத் தொட்டிருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பூஸ்ட் ஏற்றினால் பிளக்கும் ஒரு படி குளிர்ந்த ரகமாக மாறவேண்டும், இடைவெளி 0.6, 0.7 மில்லிமீட்டருக்குக் குறையவேண்டும். இதெல்லாம் செலவுதான். அந்தத் தம்பிக்கு ஆன செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஏற்கெனவே ஃபைல் ஏற்றிவிட்டீர்களா? திட்டமாட்டேன், பயப்படாமல் எடுத்துவாருங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும். அதுவரை ஏற்றத்தில் பெரிய கியரில் வைத்து மிதிக்காதீர்கள். ஒரு கியர் இறக்கி, பாதி ஆக்சிலரேட்டரில் ஏறுங்கள். நடுவில் சின்ன உதறல் வந்தாலும் உடனே காலை எடுங்கள். முன்னால் போகும் லாரி போகட்டும்.