பிரிட்டன் போலீசின் 22 காரணிகள்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தில் வன்முறைத் தீவிரவாதத்தில் இறங்கக்கூடியவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 99 சதவீதம் சரியாகச் சொல்லும் சோதனை ஒன்றும் கையில் இருக்கிறது (அப்படி ஒன்று எங்கும் கிடையாது). அது 99 பேரைப் பிடித்துவிடும். கூடவே ஒரு பாவமும் அறியாத சுமார் 10,000 பேரையும் காட்டிக்கொடுக்கும். அரிதான ஒன்றைத் தேடினால் இப்படித்தான் ஆகும். அதனால் "இவன் குண்டு வைப்பான்" என்று போலீஸ் ஜோசியம் சொல்ல முடியாது. இன்றைய நிலையில் இவரிடம் என்ன ஆபத்து, அதைக் குறைக்க யாரால் முடியும் என்றுதான் கேட்கலாம்.

இதை முறையாகச் செய்துபார்த்த நாடு பிரிட்டன். அங்கே தீவிரவாதத்தின் பக்கம் சாய்பவர்களை முன்கூட்டியே தடுக்க 'பிரிவென்ட்' என்ற திட்டம் 2003 முதல் இருக்கிறது. ஒரு மாணவனின் பேச்சு ஆசிரியரை உறுத்தினால் அவர் தகவல் கொடுப்பார். 2015இல் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு பள்ளி, மருத்துவமனை, நகராட்சி எல்லாவற்றுக்கும் இதில் பொறுப்பு உண்டு. தகவல் வந்ததும் அந்த ஆள் மீது ஏற்கெனவே விசாரணை நடக்கிறதா என்று போலீஸ் முதலில் பார்க்கும். இல்லையென்றால் விவரம் சேகரித்து, தகுந்ததை, உதவி கொடுத்து ஆளைத் திருப்பப் பார்க்கும் 'சேனல்' குழுவுக்கு அனுப்பும். குழுவுக்குத் தலைவர் போலீஸ்காரர் அல்ல, உள்ளாட்சி அதிகாரி. பள்ளி, மனநலத் துறை, சமூக நலத் துறை ஆட்களும் உட்காருவார்கள்.

அவர்கள் பல ஆண்டுகள் பயன்படுத்திய படிவத்தில் 22 காரணிகள் இருந்தன. பயங்கரவாதக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்களோடு உளவியலாளர்கள் வேலை செய்து உருவாக்கிய பட்டியலின் வழிவந்தது அது. முதல் 13 காரணிகள் ஈடுபாடு பற்றியவை: அநீதி நடந்துவிட்டது என்ற குமுறல், ஏதாவது ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும் ஏக்கம், சாகச ஆசை, வாழ்க்கையில் ஒரு திருப்பத்தில் நிற்பது. உண்மையைச் சொன்னால், இதில் பாதி எந்தப் பதினாறு வயதுப் பையனிடமும் இருக்கும். அடுத்த 6 காரணிகள் நோக்கம் பற்றியவை: 'நாம், அவர்கள்' என்று உலகைப் பிரிப்பது, எதிராளியை மனிதனாகவே எண்ணாதது. கடைசி 3 காரணிகள் திறன் பற்றியவை: செய்யத் தெரிந்த அறிவும் பழக்கமும், ஆள்-பணம்-கருவி கிடைக்கும் வழி, குற்றம் செய்யும் திறன். குமுறல் மட்டும் இருப்பவரும், குமுறலோடு ஆயுதமும் தேடுபவரும் ஒன்றல்ல என்று பிரித்துக்காட்டியதுதான் இந்தப் படிவத்தின் பயன். மதிப்பெண் கூட்டிப் பார்த்து முடிவெடுத்ததில்லை; அனுபவமுள்ளவர் எதையும் விட்டுவிடாமல் யோசிப்பதற்கான ஒரு ஒழுங்கு, அவ்வளவுதான்.

2023-24இல் இங்கிலாந்து, வேல்ஸிலிருந்து 6,922 தகவல்கள் வந்தன. 'சேனல்' எடுத்துக்கொண்டது 512. எல்லா வயதினரிலும் 11 முதல் 15 வரை உள்ள பிள்ளைகள்தான் அதிகம். எடுத்துக்கொண்ட பிறகும் கட்டாயம் கிடையாது. சம்பந்தப்பட்டவர் சம்மதிக்க வேண்டும், சிறுவர் என்றால் பெற்றோர். அப்புறம் கிடைக்கிற உதவி சாதாரணமானது. மனநல சிகிச்சை, படிப்பு, வேலை. சித்தாந்தப் பிடி இருந்தால், உள்துறை அங்கீகரித்த ஒருவர் உட்கார்ந்து வாதாடுவார்.

கோட்டைவிடுவது பெரும்பாலும் கண்டுபிடிப்பதில் அல்ல, கோப்பை மூடுவதில்தான் என்பது என் எண்ணம். 2021 அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் அமெஸ்ஸைக் குத்திக் கொன்றவர் புதிய ஆள் இல்லை. 2014இலேயே அவருடைய பள்ளி அவரைப் பற்றித் தகவல் கொடுத்திருந்தது. 'சேனல்' அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் உரிய ஆலோசகரோடு நடந்தது ஒரே ஒரு சந்திப்பு. சீக்கிரமே வெளியே விட்டுவிட்டார்கள் என்று பிறகு நடந்த ஆய்வு சொன்னது. முடித்தபின் 6 மாதத்திலும் 12 மாதத்திலும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. கொலை நடந்ததோ பல ஆண்டுகள் கழித்து.

இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரத்துக் கதை வேறு. 2024 ஜூலையில் நடன வகுப்பில் மூன்று சிறுமிகளைக் கொன்ற 17 வயதுக்காரனைப் பற்றி 2019க்கும் 2021க்கும் இடையே மூன்று தடவை தகவல் போனது. பள்ளித் துப்பாக்கிச் சூடுகளை இணையத்தில் தேடினான் என்பது அதில் ஒன்று. மூன்று தடவையும் 'சேனல்' வரை போகாமலே முடித்துவிட்டார்கள். அவனிடம் தெளிவான சித்தாந்தம் எதுவும் இல்லை என்பதற்கு அளவுக்கு மீறி எடை கொடுத்ததாகவும், பெயர் எழுத்துப் பிழையோடு பதிவானதால் பழைய தகவல்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்றும் ஆய்வு சொல்கிறது. அந்த 22 காரணிப் படிவத்துக்குப் பதிலாக 2024இல் புதியது வந்துவிட்டது.