மணிக்கட்டைப் பிடித்தபடி செவிலியர் எண்ணுவது எதை?

நாடி பார்த்து முடித்த பிறகும் செவிலியர் ஏன் நோயாளியின் மணிக்கட்டை விடுவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அப்போது அவர் எண்ணிக்கொண்டிருப்பது மூச்சை. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே மூச்சின் வேகம் மாறிவிடும் என்பதால், நோயாளிக்குச் சொல்லாமல் ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும்.

ஓய்விலிருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் படுத்திருக்கும் ஒருவருக்கு அது 26 ஆகியிருக்கிறது; இரத்த அழுத்தமோ 120/80, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 98 சதவீதம், இரண்டும் இயல்பே என்று வைத்துக்கொள்வோம்.

உள்ளுக்குள் இரத்தம் கசிந்தாலோ கிருமித் தொற்று இரத்த ஓட்டத்தைக் குலைத்தாலோ, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அந்த அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளோடு இரத்தத்திலுள்ள பைகார்பனேட் சேர்ந்து, நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. வாயுவாகிவிட்டதை நுரையீரல் வெளியேற்றிவிட முடியும் என்பதால், வேகமாக மூச்சு விடுவதே இரத்தத்தின் அமிலத்தைக் குறைக்கும் வழியாகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் அழகு எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை. வேகத்தைக் கூட்டச் சொல்வது, கழுத்தின் இருபுறமும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி மணியளவே இருக்கும் கரோட்டிட் உடலம். ஹைட்ரஜன் அயனிகள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆகவே அமிலம் கூடியதை முதலில் உணர்ந்து, மூச்சை இயக்கும் மூளைப் பகுதியான முகுளத்துக்குத் தெரிவிப்பது இந்தச் சிற்றுறுப்புதான். மூச்சைக் கட்டுப்படுத்துவதில் இப்பகுதிக்குள்ள பங்கைக் கண்டறிந்ததற்காகப் பெல்ஜிய அறிஞர் ஹேமன்ஸ் 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

இதற்கிடையே இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால், ஏறத்தாழ 30 சதவீத இரத்தம் போகும் வரைகூட அழுத்தம் இயல்பாகத் தெரியலாம். ஆக்சிமீட்டரோ ஹீமோகுளோபினில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அது திசுவைப் போய்ச் சேர்ந்ததா என்பதைக் காட்டாது. பிரிட்டனில் 2012-இல் வெளியான தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை, நிமிடத்துக்கு 25 மூச்சு அல்லது அதற்கு மேல் என்றால், அந்த ஓர் அளவுக்கே உச்சமான 3 மதிப்பெண் தருகிறது.

இந்த மதிப்பெண் அட்டவணையைத் தாண்டியும் செவிலியர் யோசிக்க வேண்டியிருக்கிறது. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் அட்டெனலால் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி உயராமலே போகலாம். மூச்சையும் மந்தமாக்கக்கூடிய வலி மருந்தான மார்ஃபின் போட்டவருக்கு மூச்சு 10-க்கு இறங்கினால், வலி அடங்கி உறங்குகிறார் என்று நினைத்து விட்டுவிடாமல் எழுப்பிப் பார்க்க வேண்டும். காலையில் 16, மதியம் 20, இப்போது 26 என்ற ஏற்றத்தை மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்வது, "நோயாளி சரியில்லை" என்பதைவிட விரைவாக அவரை வரவழைக்கும்.

எண்ணாமலே எல்லோருக்கும் 18 என்று எழுதும் வழக்கம் பல நாடுகளின் மருத்துவமனைகளில் உண்டு. அதற்குச் செவிலியரை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். புதிய கருவிகளுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்காவது, ஒவ்வொரு படுக்கையருகிலும் அந்த ஒரு நிமிடம் நிற்பதற்குத் தேவையான ஆட்களை நியமிக்கச் செலவிடப்பட வேண்டும்.