முருகா என்று சொல்லாமல் எழுவது

முப்பது வயதில் தரையிலிருந்து சத்தமில்லாமல் எழுந்தேன். நாற்பத்தைந்தில் 'அப்பாடா' சேர்ந்துகொண்டது. ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு கல்யாணப் பந்தியில், வலது கையில் சாம்பார், இடது கை தரையில், வாயில் 'முருகா'. பக்கத்து இலைக்காரர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட.

டாக்டரிடம் போனேன். எதிர்பார்த்ததைத்தான் சொன்னார்: "பத்து கிலோ குறைங்க. வாக்கிங் போங்க." சரி என்று தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். மூன்று மாதத்தில் எடை இரண்டு கிலோ குறைந்தது. பந்தியில் உட்கார்ந்தால் 'முருகா' மட்டும் அப்படியே இருந்தது. இந்த இரண்டும் ஏன் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை என்று தேட ஆரம்பித்ததில்தான், நான் தவறான கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. எடை மெஷினைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய சமாதானத்தைத் தள்ளிவைத்துவிடலாம். "வயசானா மெட்டபாலிசம் குறைஞ்சுடும், அதான் தொப்பை" என்று எல்லோரும் சொல்வோம். 2021இல் 'சயின்ஸ்' இதழில் ஹெர்மன் பான்ட்ஸர் குழுவினர் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அலசி வெளியிட்டார்கள். பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதுக் கிழவர் வரை அதில் இருந்தார்கள். உடலின் அளவையும் அதில் கொழுப்பு எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய ஒரே கோடுதான். அதற்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது. ஆக, நாற்பதில் வந்த என் தொப்பைக்கு வயதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அலுவலக நாற்காலியையும் மாலை பஜ்ஜியையும் ஏற்றலாம்.

நடந்தும் ஏன் எடை பெரிதாக இறங்கவில்லை என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. 70 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 50 கலோரி சொச்சம் செலவாகும். ஒரு மணி நேர நடைக்கு 200, 250. நடை முடிந்து வாசல் கடையில் நண்பர்களோடு பொங்கல் வடை சாப்பிட்டால் கணக்கு நேராகி, மிச்சமும் விழும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நடையால் மட்டும் அதைக் கரைக்க நினைப்பது ஏரியைச் சொம்பால் இறைப்பது போல. இறைக்கலாம், நாளாகும்.

ஆனால் 'முருகா' எடைப் பிரச்சினை அல்ல. அது தசைப் பிரச்சினை.

1988இல் ஸ்வீடனைச் சேர்ந்த யான் லெக்செல் குழுவினர், உயிரோடிருந்தவரை ஆரோக்கியமாக இருந்த 43 ஆண்களின் தொடைத் தசையை, அவர்கள் இறந்த பின் முழுசாகக் குறுக்கே வெட்டி ஆராய்ந்தார்கள். 20 வயதுக்கும் 80 வயதுக்கும் இடையில் அந்தத் தசையின் பரப்பு சராசரியாக 40 சதவீதம் சுருங்கியிருந்தது. இழைகள் மெலிந்தது மட்டும் காரணமல்ல. இழைகளின் எண்ணிக்கையே குறைந்திருந்தது.

இழை எப்படிக் காணாமல் போகும்? தண்டுவடத்திலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பணுவும் தசையில் ஒரு கூட்டம் இழைகளை இயக்குகிறது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதிலிருந்து ஒரு தெரு முழுக்கக் கரண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதாக ஆகச் சில நரம்பணுக்கள் செத்துப்போகின்றன, அதன் தெரு இருண்டுவிடுகிறது. பக்கத்துத் தெரு நரம்பு கிளைவிட்டுச் சில வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கும். இணைப்புக் கிடைக்காத இழைகள் சுருங்கி மறைந்துவிடும். இதில் ஒரு சங்கடம் உண்டு. தசையில் மெதுவாக இயங்கிச் சளைக்காமல் உழைக்கும் இழைகள் ஒரு ரகம், சட்டென்று பெரும் விசை கொடுத்துச் சீக்கிரம் களைத்துப்போகும் இழைகள் இன்னொரு ரகம். வயதில் அதிகம் அடி வாங்குவது இந்த வேகமான ரகம்தான். மெதுவான நரம்பு தத்தெடுத்த வேக இழையும் நாளடைவில் மெதுவான இழையாகவே மாறிவிடும். லோ வோல்டேஜில் ஓடும் மிக்ஸி மாதிரி. சுற்றும், அரைக்காது.

தரையிலிருந்து எழுவதற்கும், பஸ் படியில் காலை வைத்து ஏறுவதற்கும், தடுக்கினால் விழாமல் அடுத்த காலை முன்னால் போடுவதற்கும் தேவைப்படுவது அந்த வேக இழைகள்தான்.

நடந்தால் அவை வலுவாகாதா? இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எல்வுட் ஹென்னமன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் கண்டுபிடித்த விதி ஒன்று இருக்கிறது. தசைக்கு வேலை வரும்போது நரம்பு மண்டலம் எல்லா இழைகளையும் ஒரேயடியாக எழுப்புவதில்லை. சின்ன நரம்பணுக்களின் கீழுள்ள மெதுவான இழைகளை முதலில் கூப்பிடும். சுமை கூடக் கூடத்தான் பெரியவற்றைக் கூப்பிடும். கல்யாண வீட்டில் இலை போடவும் தண்ணீர் ஊற்றவும் பொடியன்கள் போதும். சாம்பார் அண்டாவைத் தூக்கத்தான் தடித்த ஆட்களைத் தேடுவார்கள். சமதளத்தில் நடப்பது இலை போடுகிற வேலை. எத்தனை மணி நேரம் நடந்தாலும் அண்டா தூக்குகிறவர் திண்ணையில் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். பத்து வருஷம் யாரும் கூப்பிடாவிட்டால் அவர் ஊரைவிட்டே போய்விடுவார்.

அப்படியானால் ஐம்பதில், எழுபதில் கூப்பிட்டால் வருவாரா?

மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் இந்தக் கேள்வியைத் தொண்ணூறு வயதுக்காரர்களிடம் கேட்டார். பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். 86 முதல் 96 வயது வரை பத்துப் பேர். பலருக்கு மூட்டுவாதம், இதய நோய், பழைய எலும்பு முறிவு என்று ஏதாவது ஒன்று இருந்தது. அவர்களிடம் "மெதுவாகக் கையைக் காலை ஆட்டுங்கள்" என்று சொல்லவில்லை. ஒரு தடவைக்கு அதிகபட்சம் எவ்வளவு எடையைக் காலால் உயர்த்த முடியுமோ, அதில் 80 சதவீதத்தைக் கொடுத்தார்கள். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். முடித்த ஒன்பது பேருக்குக் காலின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது பத்துக் கிலோ தூக்கிய கால் இப்போது 27 கிலோ தூக்குகிறது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாத மூன்று பேரில் ஒருவர் ஊன்றாமல் எழுந்தார். 1990இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வந்த ஆய்வு இது. அந்த ஒருவருக்கும் எனக்கும் ஏதோ சொந்தம் இருப்பதுபோல எனக்குப் படும்.

பலம் 174 சதவீதம் கூடியபோது தொடைத் தசையின் பரப்பு கூடியது 9 சதவீதம்தான். மிச்சப் பலம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நரம்பிலிருந்து. முதல் சில வாரங்களில் தசை பருப்பதில்லை. இருக்கிற இழைகளை அதிகமாகவும் ஒரே நேரத்திலும் கூப்பிட நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கண்ணாடியில் எந்த மாற்றமும் தெரியாமலேயே, "படி ஏறுறது லேசா இருக்கே" என்று ஆச்சரியப்படுகிறார்கள். அதே ஆய்வில் பயிற்சியை நான்கு வாரம் நிறுத்தியதும் பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தசைக்கு நன்றியுணர்வு குறைவு.

நடையை நான் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். நடை இதயத்தின் சாப்பாடு. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். அவர்கள் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோ. உடல் கொழுப்பு 14 சதவீதத்திலிருந்து 28. ஆனால் அந்த முப்பது வருஷம் செய்த சேதம், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தைவிடக் குறைவு! பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். முப்பது ஆண்டில் இழந்த திறன் திரும்பி வந்தது. எடை? நாலரைக் கிலோதான் குறைந்தது. எடை மெஷினை நம்பியிருந்தால் அந்த ஐந்து பேரும் தோற்றவர்கள்.

நம் ஊர் உடம்புக்கு இதில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின், இருவரும் பக்கத்துப் பக்கத்தில். உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. அளவு இருவருக்கும் அச்சு அசலாக 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அளவு ஒன்று, உள்ளே சரக்கு வேறு. நமக்குத் தசை குறைவு, வயிற்றில் கொழுப்பு அதிகம். ஒல்லியாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இடுப்பை ஒரு டேப் வைத்து அளந்து பார்க்கலாம். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

தசைக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு? இன்சுலின் சுரந்து ரத்தத்திலிருந்து குளுக்கோஸை அப்புறப்படுத்தும்போது, அதில் பெரும்பகுதியை வாங்கி வைக்கும் குடோன் தசைதான். குடோன் சிறுத்தால் சோறு சாப்பிட்ட பின் சர்க்கரை வாசலிலேயே தேங்கி நிற்கும். தசை சுருங்கி விரியும்போது குளுக்கோஸ் நுழையும் கதவுகள் இன்சுலின் தட்டாமலேயே திறந்துகொள்ளும் என்பது இன்னொரு சௌகரியம். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலிருப்பது இதனால்தான்.

எடையும் குறைய வேண்டும்தானே? வேண்டும். ஆனால் சாப்பாட்டை மட்டும் வெட்டி எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். டென்னிஸ் வில்லாரியல் குழுவினர் 65 வயது தாண்டிய, உடல் பருமனுள்ள 107 பேரை ஓர் ஆண்டு கவனித்தார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு எடை அசையவே இல்லை. உணவைக் குறைத்தவர்களுக்குச் சுமார் 10 சதவீதம் போனது. இரண்டையும் செய்தவர்களுக்கு 9. மெஷின் கணக்கில் இந்த இருவரும் சமம். ஆனால் உணவை மட்டும் குறைத்தவர்கள் இழந்த தசையும் இடுப்பு எலும்பின் அடர்த்தியும் அதிகம். எழுவது, நடப்பது, படி ஏறுவது ஆகிய சோதனைகளில் இரண்டையும் செய்தவர்களே முந்தினார்கள். முதல் வாரத்தில் 'இரண்டு கிலோ குறைந்தது' என்று துள்ளுவதும் ஏமாற்றுதான். உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைகோஜன் கரைந்தால் தண்ணீரும் வெளியேறும். ஒரு விருந்து சாப்பிட்டால் இரண்டும் திரும்பி வந்துவிடும்.

தசைக்கு இன்னொரு செவிட்டுத்தனமும் வயதோடு வருகிறது. புரதம் வந்திருக்கிறது என்று சின்னக் குரலில் சொன்னால் அதற்குக் கேட்பதில்லை. இளைஞரின் தசை, ஒரு வேளையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கால் கிராம் புரதம் கிடைத்தாலே முழு வேகத்தில் வேலையைத் தொடங்கிவிடும். முதியவருக்கு 0.4 கிராம் தேவை. 60 கிலோ ஆளுக்கு வேளைக்கு 24 கிராம். நம் காலை உணவான இரண்டு இட்லி, சட்னியில் ஐந்தாறு கிராம் தேறும். இட்லியை விடச் சொன்னால் எனக்கே மனசு வராது. கூட இரண்டு முட்டை, அல்லது ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் சேர்த்தால் குரல் கொஞ்சம் ஓங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நான் தொடங்கியது ஒரு சாப்பாட்டு நாற்காலியோடு. சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, உட்கார்வதும் எழுவதும். எட்டுத் தடவை எழுந்ததும் இனி இரண்டுதான் முடியும் என்று தோன்ற வேண்டும். அதுதான் அண்டா தூக்குகிறவர் எழுந்துவிட்டதற்கு அடையாளம். இருபது தடவை அலட்டாமல் எழ முடிந்தால் சுமை போதவில்லை. அப்போது ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். இறங்கும்போது மூன்று எண்ணி மெதுவாக, எழும்போது வேகமாக. மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். வாரம் இரண்டு நாள் இப்படி, இடையில் ஓய்வு, மற்ற நாள் நடை. நெஞ்சுவலி, படபடப்பு உள்ளவர்களும் சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களும் முதலில் டாக்டரிடம் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது, பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும். முழங்கால் தேய்மானம் இருக்கிறது என்று ஒதுங்குகிறவர்கள் பலர். தொடை வலுவானால் முட்டியின் வலி பெரும்பாலும் குறையத்தான் செய்கிறது. நாற்காலியின் உயரத்தைத் தலையணை வைத்துக் கூட்டிக்கொண்டால் போதும்.

எடை மெஷினுக்குப் பதிலாக இப்போது ஒரு கடிகாரம் வைத்திருக்கிறேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது? ஆசிய நாடுகளின் தசைநலிவு ஆய்வுக் குழு 2019இல் வகுத்த அளவுப்படி, 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டிய நிலை. முதல் நாள் எனக்கு 15. ஏழு மாதம் ஆகிறது, போன வாரம் 9. எடை மொத்தமாக மூன்று கிலோதான் இறங்கியிருக்கிறது, டாக்டருக்கு இன்னும் ஏழு கிலோ பாக்கி. பெல்ட்டில் மட்டும் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது.

போன மாதம் ஒரு வளைகாப்பில் தரைப் பந்தி. கையை ஊன்றாமல் எழுந்தேன், ஆனாலும் வாயில் 'முருகா' வந்துவிட்டது. "வலிக்குதா?" என்றாள் மனைவி. இல்லை, பழக்கதோஷம்.